நடுகல் ஆய்வேடு நூலானது எப்படி: தருமபுரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை என் கடைக்கு வந்தார். துணிப்பையில் கறுப்பு அட்டை போட்ட முனைவர் பட்ட ஆய்வேடு இருந்தது. ஏ4 அளவில் 412 பக்கம். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்ப்பது என்று தருமபுரியில் இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். ஆய்வேட்டைக் கையில் எடுத்ததுமே அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிடும்.

"அண்ணா, இதை அப்படியே புத்தகமாப் போட்டுடலாங்களா?"

"அப்படியே போட முடியாதுங்க டீச்சர். வேலை இருக்கு."

அந்த வேலை முடிய முப்பது மாதம் ஆனது. 2024 டிசம்பரில் 240 பக்க நூலாக வந்தது. முதல் நூல் போட நினைக்கும் ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று, டீச்சரின் சம்மதத்தோடு நடந்ததை எழுதுகிறேன். அவர் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரை, புளியந்தோப்பு, வயல் வரப்பு என்று எங்கு பார்த்தாலும் நடுகற்கள் உண்டு. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல், புலியோடு மோதிச் செத்தவனுக்குக் கல். கல்வெட்டுகள் மந்தையைத் 'தொறு' என்கின்றன. பல ஊர்களில் இந்தக் கல்லே வேடியப்பன் சாமி. பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1970களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, இரா. நாகசாமி தலைமையில், செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்களைத் தேடிப் பதிவு செய்தது. டீச்சர் அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை வட்டாரங்களில் ஆறு வருடம் விடுமுறை நாள்களிலெல்லாம் அலைந்திருந்தார். எந்தக் கல் இன்னும் இருக்கிறது, எது இடம் மாறியது, எது சுவரில் புதைந்தது என்று பார்த்து எழுதியிருந்தார். பொருள் அருமையானது. எழுதியிருந்த விதம்தான் தேர்வாளருக்கானது.

புலனாகிறது

ஆய்வேட்டின் கோப்பைத் திறந்து 'புலனாகிறது' என்ற ஒரே சொல்லைத் தேடினேன். 163 இடம். 'என்பது இவ்வியலின் வழிப் புலனாகிறது', 'என்பது மேற்கூறியவற்றால் புலனாகிறது.' ஒவ்வொரு இயலும் தான் என்ன செய்யப்போகிறது என்று சொல்லித் தொடங்கும். செய்து முடித்ததும் செய்துவிட்டதாகச் சொல்லும். தொகுப்புரையில் அதையே மூன்றாம் முறை சொல்லும். ஆய்வேட்டுக்கு இது தேவைதான். ஆய்வாளர் முறைப்படி உழைத்தாரா என்று சோதிக்கிற இரண்டு மூன்று பேருக்காக எழுதப்படுவது அது. நூலைக் கையில் எடுப்பவர் யாரையும் சோதிக்க வரவில்லை. அவருக்குக் கல்லைப் பற்றித் தெரிய வேண்டும்.

'முன்னாய்வுகள்' இயல் 70 பக்கம் இருந்தது. அதை 6 பக்கமாக்கினோம். யார் என்ன எழுதினார் என்ற வரிசை போய், இதுவரை தெரிந்தது இது, தெரியாமல் நிற்பது இது என்று மட்டும் நின்றது. ஆய்வு நெறிமுறை இயல் முழுதும் முன்னுரையில் இரண்டு பத்தியானது. டீச்சருக்கு இது வலித்தது. 'நாலு வருஷப் படிப்புங்கண்ணா அது' என்றார். அந்தப் படிப்பு வீணாகவில்லை, அடிக்குறிப்புகளில் இருக்கிறது. ஆனால் வாசகரை 70 பக்கம் வாசலிலேயே நிறுத்தி வைக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வெட்டியதைவிடச் சேர்த்ததுதான் கடினமாக இருந்தது. கள ஆய்வுக் குறிப்பேட்டில் இருந்த பல செய்திகள், 'ஆய்வுக்குப் பொருந்தாது' என்ற பயத்தில் ஆய்வேட்டுக்குள் வரவேயில்லை. கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம், எழுத்து மறையும்படி மஞ்சள் அப்பியிருப்பது, கல்லைப் பற்றி ஊரில் சொல்லும் கதை எல்லாம் நூலில்தான் முதன்முறையாக வந்தன. அதே சமயம் எதையும் சேர்த்துவிடலாம் என்றும் இல்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஊரே அதைப் பேசியது. டீச்சரும் அதை முன்னுரையில் வைக்க விரும்பினார். நம் வட்டாரத்துக்குப் பெருமைதான். ஆனால் எழுத்துள்ள நம் நடுகற்கள் அதற்கு இரண்டாயிரத்தைந்நூறு வருடமாவது பிந்தியவை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் வாசகர் குழம்புவார் என்று விட்டுவிட்டோம்.

பணம் கட்டச் சொன்ன இடம்

திருத்தம் பாதியில் இருக்கும்போதே டீச்சருக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆய்வேட்டை அப்படியே அனுப்பினால் போதும், ஒரு தொகை கட்டினால் பதினைந்து நாளில் ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூல் கைக்கு வரும் என்றார்கள். பணி உயர்வுக்கும் நேர்காணலுக்கும் ஐஎஸ்பிஎன் உள்ள நூல் மதிப்பெண் தருவதால் இந்த வியாபாரம் நடக்கிறது.

இதில் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண் இலவசம். ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணையம் வழியே தருகிறது. பதிப்பகம் மட்டுமல்ல, தன் நூலைத் தானே வெளியிடும் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். ஐஎஸ்பிஎன் ஓர் அடையாள எண், அவ்வளவுதான். உள்ளே இருப்பது தரமானது என்று அது சான்று சொல்வதில்லை.

அவர்கள் மாதிரிக்கு அனுப்பிய நூலின் எண்ணைச் சரிபார்த்தோம். இதை யாரும் ஒரு நிமிடத்தில் செய்யலாம். 2007 முதல் ஐஎஸ்பிஎன் 13 இலக்கம். இந்திய நூல்கள் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். அந்த எண் வகுபடவில்லை. டீச்சர் கணக்கு வாத்தியார் வீட்டுப் பெண். மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் அழைப்பை எடுப்பதையே நிறுத்தினார்.

பிறகு சென்னையில் ஒரு சிறிய ஆய்வுநூல் பதிப்பகத்துக்கு முன்மொழிவு அனுப்பினோம். முழுக் கையெழுத்துப்படியையும் எடுத்தவுடன் அனுப்பக் கூடாது. நான்கு பக்கத்தில் நூலின் மையக் கருத்து, இயல்வாரியாக ஒரு பத்தி, யார் வாங்குவார்கள், இதே பொருளில் ஏற்கெனவே உள்ள நூல்களிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது, படங்கள் எத்தனை, ஒரு மாதிரி இயல். இவ்வளவு போதும். ஆய்வேடு ஏற்கெனவே ஷோத்கங்காவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில், இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதினோம். இதை மறைத்தால் பின்னால் சிக்கல்தான்: ஒப்புமை சோதிக்கும் மென்பொருளில் நூலைப் போட்டால் சொந்த ஆய்வேடே முதலில் வந்து நிற்கும். முன்னுரையில், இந்நூல் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரி.

மதிப்பீட்டாளரின் ஒரு கேள்வி

பதிப்பகம் கையெழுத்துப்படியைக் கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு, ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டு அனுப்பியது. நாலு மாதம் கழித்து ஒன்பது பக்க அறிக்கை வந்தது. முதல் நாள் டீச்சர் அதை முழுதாகப் படிக்கவில்லை. மனசு ஒடிந்துபோனதாகச் சொன்னார். முதல் அறிக்கை யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் விட்டுவிட்டுப் படியுங்கள் என்றேன்.

அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது: 'கல்வெட்டு வாசகங்களில் எவை நீங்கள் கல்லைப் பார்த்துப் படித்தவை, எவை துறையின் பதிப்பிலிருந்து எடுத்தவை?' ஆய்வேட்டில் இரண்டும் கலந்து கிடந்தன. தேர்வாளர் யாரும் இதைக் கேட்கவில்லை. ஆனால் இந்த நூலை நம்பி நாளை இன்னொருவர் எழுதுவார். யார் கண்ணால் பார்த்த எழுத்து என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். டீச்சர் குறிப்பேடுகளை மறுபடி எடுத்தார். தானே கல்லில் படித்த ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு நட்சத்திரக் குறி போட்டார். சந்தேகம் வந்த 11 கற்களுக்குத் திரும்பவும் போய் வந்தார். இரண்டு கல் கிடைக்கவில்லை. 'இப்போது இல்லை' என்று அதையும் நூலில் எழுதினார். நூலின் மதிப்பு ஒரு படி ஏறியது அந்த நட்சத்திரத்தால்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒப்பந்தமும் படங்களும்

ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும் காலவரையின்றிப் பதிப்பகத்துக்கே' என்று ஒரு வரி இருந்தது. கேட்டதும் மாற்றினார்கள், கேட்காமல் யாரும் மாற்றமாட்டார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒவ்வொரு புதிய ஆசிரியரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். உரிமையைக் கொடுப்பது எழுத்திலும் கையொப்பத்தோடும் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராத பட்சத்தில், அது காலாவதியாகும். தமிழ் அச்சு உரிமை மட்டும், ஐந்து வருடத்துக்கு, என்று எழுதிக்கொண்டோம். மொழிபெயர்ப்பும் மின்னூலும் டீச்சரிடமே இருக்கின்றன.

படங்களில்தான் நாள் போனது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லின் வாசகத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தக் கல்லை ஒருவர் எடுத்த புகைப்படத்துக்கு உரிமை உண்டு. அரசு வெளியிட்ட படைப்புகளுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம் உரிமை இருக்கும். 1975-இல் வெளியான படம் என்றால் 2035 இறுதிவரை. எனவே பழைய பதிப்புகளிலிருந்து எடுக்க நினைத்த 9 படங்களுக்கு எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டோம். ஐந்துக்கு வந்தது. மீதி நாலு கல்லை டீச்சரே படமெடுத்தார்.

அவர் எடுத்திருந்த படங்களிலும் பாதி வாட்ஸ்அப்பில் வந்து போனவை. செல்பேசித் திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சில் சாம்பல் கரைசலாகிவிடும். நாலு அங்குல அகலத்தில் ஒரு படம் அச்சாக வேண்டுமென்றால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், குறுக்கே 1200 புள்ளியாவது வேண்டும். நடுகல்லுக்கு இன்னொன்றும் உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் புடைப்பும் எழுத்தும் தட்டையாகிவிடும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ, வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் கல் தானாகவே பேசும்.

யவும் உவும்

ஆய்வேடு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16 (TACE16) என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சு வேலையில் பழைய எழுத்துருக்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பழகிய விரல்கள் மாறுவதில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் கோப்பைப் போட்டால் ஒரு நிமிடத்தில் யூனிகோடாகிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் நடந்ததைச் சரிசெய்ய எங்களுக்கு ஏழு வாரம் ஆனது.

கௌ என்ற எழுத்து பல இடங்களில் கெ, ள என்று இரண்டாக உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் நிற்கும் ஸ்வஸ்திஸ்ரீயில் வரும் ஸ்ரீ யூனிகோடில் இரண்டு விதமாகப் பதிவாகும். இரண்டும் திரையில் ஒரே உருவம். 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிதான் வந்தது.

இதைவிட மோசமானது வேறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டு பெரும்பாலும் தமிழ் எண்ணால் வரும். பழைய எழுத்துருவில் தமிழ் எண்கள் இல்லாததால், பத்தைக் குறிக்கும் ௰ இருக்க வேண்டிய இடத்தில் 'ய', இரண்டைக் குறிக்கும் ௨ இடத்தில் 'உ' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். அந்த எழுத்துருவில் படிப்பவருக்குப் புரிந்துவிடும். யூனிகோடில் அது வெறும் 'யாண்டு யஉ'. மெய்ப்புப் பார்த்த தம்பி ஓரத்தில், 'யஉ? பொருள் இல்லையே' என்று எழுதி வைத்திருந்தான். நல்லவேளை, கேள்விக்குறி போட்டான், அடித்துத் திருத்தவில்லை.

௰௨ என்றால் பன்னிரண்டு. ௨௰ என்றால் இருபது. ஓரிடத்தில் 'உய' என்று வந்திருந்தது. அட்டவணையிலோ 12-ஆம் ஆட்சியாண்டு. எது சரி? டீச்சர் எடுத்திருந்த படத்தை ஒளியைக் கூட்டி, பெரிதாக்கி, இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதலில் ௰, அப்புறம் ௨. பன்னிரண்டுதான். தட்டச்சில் எழுத்து முன்பின்னாகி எட்டு வருடம் நகர்ந்திருந்தது. அன்று முதல் எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் விட்டோம். இந்த வேலையை எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்க முடியாது. உங்கள் நூலில் கல்வெட்டோ பழைய கணக்கோ இருந்தால், எழுதத் தொடங்கும் நாளிலேயே யூனிகோடில் எழுதுங்கள்.

ஊர்ப்பெயருக்கும் ஒரு தாள் போட்டோம். தருமபுரியா தர்மபுரியா, அரூரா ஹரூரா, மாரண்டஅள்ளியா மாரண்டஹள்ளியா என்று ஆய்வேட்டில் எல்லாமே இருந்தன. இதுதான் என்று ஒன்றை முடிவு செய்து, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்தோம்.

அடைவு

எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று நூலின் கடைசியில் காட்டும் பட்டியல்தான் அடைவு. பக்க எண் உறுதியான பிறகுதான் அதைப் போட முடியும். அதனால் எல்லோரும் களைத்துப்போன நேரத்தில்தான் இந்த வேலை வரும், அதனாலேயே பல தமிழ் ஆய்வுநூல்களில் அது இல்லாமலே போகிறது. எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. அடைவு இல்லாத ஆய்வுநூலை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைக்கலாம். வேண்டும்போது திறந்து பார்க்க முடியாது.

எங்கள் நூல் அடைவு இல்லாமல் 226 பக்கம். டெம்மி அளவில் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தொகுதி, 16 பக்கம். 14 ஃபாரம் என்றால் 224. 'ரெண்டு பக்கத்தைக் குறைச்சுடுங்க, அடைவு வேண்டாம், பதினாலு ஃபாரத்துல முடிஞ்சுடும்' என்றார் பதிப்பாளர். ஒரு ஃபாரம் கூடினால் தாள், பிளேட், தையல் எல்லாம் கூடும். அவர் கணக்கில் தப்பில்லை. ஒரு ஃபாரம் கூட்டினால் 13 பக்க அடைவும் போட்டு ஒரு பக்கம் மீதி இருக்கும் என்று எழுதிக் காட்டினேன். டீச்சர் தன் ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். அடைவு வந்தது.

அகரவரிசையைக் கணினியிடம் விட்டோம். அதுவும் சரியாக வரவில்லை. யூனிகோடில் எழுத்துகள் இருக்கும் வரிசை வேறு, நம் நெடுங்கணக்கு வேறு. அங்கே ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. நமக்கு அது கடைசி. அதனால் அனுமந்தபுரம், அரூருக்கு முன்னால் போய் நின்றது. புள்ளி எழுத்துகளும் உயிர்மெய்க்குப் பின்னால் தள்ளப்பட்டன. தமிழ் வரிசை தெரிந்த மென்பொருள் இருக்கிறது. இருந்தாலும் முடிவில் விரல் வைத்து ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஊர் அடைவைத் தனியாகப் போட்டோம். ஒவ்வொரு ஊருக்கும் நேராகக் கல் எண்ணும் பக்கமும்.

அச்சும் அதற்குப் பின்னும்

அச்சு சீக்கிரம் முடிந்தது. 500 படி, ஆஃப்செட்டில். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், படங்களுக்காக நடுவில் 8 பக்கம் ஆர்ட் பேப்பர். வெறும் பசை ஒட்டு வேண்டாம், ஃபாரம் ஃபாரமாகத் தைக்கும் செக்ஷன் தையல் வேண்டும் என்று கேட்டோம். நூலகத்தில் நாலு பேர் விரித்துப் பார்க்கும் புத்தகத்துக்கு அது அவசியம். 300-க்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சே போதும்.

வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு படி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பகத்தின் கடமை. அனுப்பிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நூல் ஐம்பது வருடம் கழித்தும் எங்காவது இருக்கும் என்பதற்கு அதுதான் உத்தரவாதம்.

2025 பிப்ரவரியில், கள ஆய்வில் உதவிய ஊர்களுக்கு டீச்சர் ஒவ்வொரு படி கொண்டுபோய்க் கொடுத்தார். அரூர்ப் பக்கம் ஒரு வேடியப்பன் கோயிலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். பூசாரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பேத்தி கடைசிப் பக்கங்களைப் புரட்டி, ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்து, 131-ஆம் பக்கத்தைத் திறந்து தாத்தாவிடம் காட்டினாள். பெரியவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம கல்லுதாம்மா. ஆனா ஏரிக்கரையிலன்னு போட்டிருக்குதே. போன தை மாசமே கோயிலுக்குள்ள தூக்கி வெச்சுட்டமே."

டீச்சர் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தன் படியில் 131-ஆம் பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டார். அப்புறம் கல்லைப் பார்க்க உள்ளே போனோம். பழைய குழியிலிருந்து எடுத்ததால், இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த கீழ்ப்பகுதி இப்போது வெளியே தெரிந்தது. அதில் இன்னும் ஒரு வரி எழுத்து இருந்தது. மாலை வெயிலுக்காக ஐந்து மணிவரை காத்திருந்து படம் எடுத்தோம். இரண்டாம் பதிப்புக்கான கோப்பில் முதல் பதிவு அதுதான்.